ஆறுவதற்குள்

பிப்ரவரி 11

தம்பிக்கு,

பார்சலைக் கத்தரிக்கோலால் பிரித்திருக்க மாட்டாய், பல்லால் பிய்த்திருப்பாய். உள்ளே இருக்கும் மீட்டர் உடையவில்லை என்றால் மேலே படி.

போன் செய்யலாம்தான். ஆனால் நீ இரண்டாவது வாக்கியத்திலேயே கத்த ஆரம்பித்துவிடுகிறாய். எழுதினால் நானாவது முழுதாகச் சொல்லி முடிக்கலாம்.

உன் இறால்கள் கரையோரம் ஒதுங்கி மந்தமாகக் கிடக்கின்றன என்றாய். வெள்ளைப்புள்ளி நோயாக இருக்கலாம், வெறும் வெயிலாகவும் இருக்கலாம். அதைப் பார்க்கத்தான் வெள்ளி உறையில் பத்துச் சோதனைப் பட்டைகள் வைத்திருக்கிறேன். ஆய்வகத்தில் என் கையால் செய்தவை, பண்ணையில் வைத்துப் பார்க்க அனுமதியும் வாங்கிவிட்டேன்.

பட்டை நுனியில் கடுகளவு தங்கப் பொட்டு தெரியும். அதில் டி.என்.ஏ. இழைகளை நாற்று மாதிரி நட்டிருக்கிறோம். நோய்க்கிருமியின் டி.என்.ஏ.வோடு மட்டும் ஜோடி சேரும் இழைகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நீலச் சாயம் இருக்கும். ஜோடி இல்லாத இழை துவண்டு கிடக்கும், சாயம் தங்கத்தைத் தொட்டுத் தொட்டு மின்சாரம் கொடுக்கும், மீட்டரில் எண் உயரமாக நிற்கும். ஜோடி கிடைத்தால் இழை விறைத்து நிமிரும், சாயம் விலகிப் போகும், எண் விழும். எண் விழுந்தால் நோய்.

செய்முறை: இறாலின் செவுளைக் கிள்ளிக் குப்பியில் உள்ள கரைசலில் நசுக்கு. குப்பியைக் கொதிக்கும் நீரில் வை, அப்போதுதான் கிருமியின் இழைகள் பிரியும். பிறகு குப்பி நன்றாக ஆற வேண்டும். கைக்குள் பொத்திப் பிடிக்க முடிகிற அளவு ஆறின பிறகுதான் பட்டையை நனைக்க வேண்டும். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்று சொல்வார்களே, அது உன்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

எண் விழுந்ததும் குதிக்காதே. பட்டையைக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, உப்புக் கரைசலில் வைத்து மறுபடி பார். எண் திரும்ப ஏறினால்தான் உண்மையான நோய். ஏறாவிட்டால் பட்டை செத்துவிட்டது என்று அர்த்தம், குப்பையில் போடு.

முதலில் உன் குட்டையைப் பார். நெட்டை அண்ணன் குட்டைப் பக்கம் போகாதே. ஒரே வாய்க்கால்தான், அவன் குட்டை மேலே, உன் குட்டை கீழே, எல்லாம் எனக்குத் தெரியும். பெரியப்பா மகன் என்றால் உனக்குப் பங்காளி, எனக்கு என்னைத் தோளில் தூக்கித் திரிந்த அண்ணன். போன தடவை அவன் வீட்டுக் கூடத்தில் நாற்காலியைச் சுவரில் அடித்து உடைத்தாய். அந்தச் சுவரில் பள்ளம் இன்னும் இருக்கிறதாம், அண்ணி அதன் மேல் காலண்டரை மாட்டியிருக்கிறாள்.

உன் அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

மேலே இருக்கும் முத்திரையைப் பார்த்திருப்பாய். இங்கே போன் கிடையாது. இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் ஜெயிலர் படிப்பார். ஐயா, வணக்கம்.

ஊர் ஆயிரம் சொல்லும். நான் சொல்வதைக் கேள். நெட்டையன் சந்தைக்குப் போன சமயம், உச்சி வெயிலில், அவன் தீனித் தட்டிலிருந்து நாலு இறால் எடுத்தேன். என் மோட்டார் ஷெட்டில் வைத்து நீ சொன்னபடி செய்தேன். எண் தொப்பென்று விழுந்தது. இன்னொரு பட்டை வைத்தேன், அதுவும் விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது. ஐஸ் பேக்டரி வைத்திருக்கிறானே என் சிநேகிதன், ஐஸ்காரன், அவனும் பக்கத்தில் நின்று பார்த்தான். "பங்காளி உனக்கு நோயை வாய்க்கால்ல அனுப்பிட்டு, அங்க சந்தையில சிரிச்சிட்டு இருக்கான்"னு சொன்னான்.

எனக்குக் கண் இருட்டிவிட்டது. ஐஸ்காரன் வண்டியிலேயே பிளீச்சிங் பவுடர் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய் நெட்டையன் குட்டையில் கொட்டினோம். நோய்க் குட்டையை அப்படித்தான் கொல்ல வேண்டும், எந்த அதிகாரி வந்தாலும் அதைத்தான் செய்வான். இறால் துள்ளித் துள்ளி ஓய்ந்தது. தண்ணீர் முழுக்க வெள்ளை வயிறு.

அவன் மண்வெட்டியோடு ஓடி வந்தான். மதகைத் திறந்து வாய்க்கால் தண்ணீரை உள்ளே விடப் பார்த்தான். "கையை எடுடா"ன்னு மூணு தடவை சொன்னேன். எடுக்கவில்லை. குட்டைக்குக் காற்றடிக்கும் ஏரேட்டரிலிருந்து கழற்றிய இரும்புத் தண்டு கையில் இருந்தது, அடித்தேன். எத்தனை அடி என்று எண்ணவில்லை. அவன் ஏன் கையை எடுக்கவில்லை என்று நீயே போய்க் கேள்.

மீட்டரும் பட்டையும் போலீசிடம். வக்கீல் சொல்கிறார், நோய் இருந்தது என்று நிரூபித்தால் கேஸ் பாதியாக இளைத்துவிடும். நீ படித்தவள், பட்டையைச் செய்தவள். ஆய்வகத் தாளில் ஒரு வரி எழுதி அனுப்பு. "இந்தப் பட்டை பொய் சொல்லாது." அவ்வளவு போதும்.

தம்பி


மார்ச் 9

தம்பி,

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

நெட்டை அண்ணனின் வலது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். எலும்பு மாவாகிவிட்டது, ஒட்ட வைக்க அங்கே ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அண்ணி அவனுடைய சட்டையை வைத்துக்கொண்டு, அந்தக் கைப் பக்கத்தை உள்ளே மடித்துத் தைக்க வேண்டுமா, வெட்டிவிட வேண்டுமா என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மண்வெட்டியோடு வந்தான் என்று எழுதியிருக்கிறாய். அவன் மண்வெட்டியைக் கரையிலேயே எறிந்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறான். போலீஸ் அங்கிருந்துதான் எடுத்திருக்கிறது. இரண்டு கையாலும் மதகுப் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற ஆளை அடித்திருக்கிறாய். பலகையை விட்டுவிட்டு உன்னைத் தள்ளியிருக்கலாம், அவனுக்கு உன்னைவிட இரண்டு மடங்கு பலம். அவன் இறாலைப் பார்த்தான், உன்னைப் பார்க்கவில்லை.

எனக்கு உன் மேல் வருகிற ஆத்திரத்தில் இந்தப் பேனாவை உடைத்துவிடுவேன் போலிருக்கிறது. குடும்பத்தில் யாருக்கும் ரத்தம் குளிர்ந்து ஓடவில்லை என்று அப்பா சொல்வாரே, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

ஒரு வரி கேட்டாய். எழுதுவேன், எழுதாமல் போவேன், அது அப்புறம். அதற்கு முன் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல். குப்பி ஆறினதா? வக்கீலைக் கேட்டுவிட்டுப் பதில் எழுதாதே. உனக்கு நினைவிருப்பதை எழுது.

அக்கா


மார்ச் 17

அக்காவுக்கு,

அவனுக்குக் கை போனது கஷ்டம்தான். நான் ஒன்றும் கல் இல்லை. ஆனால் என் பக்கத்தில் நின்று பேச உலகத்தில் ஒரு ஆள் வேண்டாமா? கூடப்பிறந்தவள் போலீஸ்காரி மாதிரிக் கேள்வி கேட்கிறாய்.

ஆறினதா ஆறவில்லையா என்றால் என்ன சொல்ல. நெட்டையன் எந்த நேரமும் திரும்பி வருவான். அவன் இறாலை எடுத்தது தெரிந்தால் ஊரைக் கூட்டுவான். ஐஸ்காரன் வேறு வாசலில் நின்று "சீக்கிரம், சீக்கிரம்"ங்கிறான். அந்த அவசரத்தில் நான் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பேனா? குப்பியை எடுத்தபோது விரல் சுட்டுவிட்டது, இன்னும் தோல் உரிகிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க உனக்குத் தோன்றவில்லை. சூடாக இருந்தால் என்ன? சூட்டில் நோய் ஓடியா போய்விடும்?

அலசிப் பார்க்கவில்லை என்று அடுத்து ஆரம்பிப்பாய். மூன்று பட்டை ஒரே மாதிரிச் சொல்லும்போது எதற்கு அலச வேண்டும்? மூன்று சாட்சி போதாதா?

இன்னொன்று. என் வீட்டுக்காரி வந்திருந்தாள். என் குட்டையில் இறால் முழுக்கச் செத்து மிதக்கிறதாம், ஓட்டில் வெள்ளைப் புள்ளி. கேட்டாயா? அவனிடமிருந்துதான் வந்தது. நான் முன்னாலேயே சொன்னேன். பிளீச்சிங் போட்டும் தாமதமாகிவிட்டது. இப்போதாவது அந்த ஒரு வரியை எழுது. தாளைத் தபாலில் போடு, நீ வர வேண்டாம். இங்கே கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்கும் என்னை நீ பார்க்கக் கூடாது.

ராத்திரி பக்கத்துப் படுக்கைக்காரனுக்கும் எனக்கும் கைகலப்பு. ஒரு பல் போனது. என்னுடையது இல்லை.

தம்பி


மார்ச் 28

தம்பி,

விரல் சுட்டது என்று நீ எழுதின வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். என் கேள்விக்குப் பதில் அதிலேயே இருந்தது.

ஆய்வகத்தில் உன்னைப் போலவே செய்து பார்த்தேன். நோயும் இல்லை, இறாலும் இல்லை, வெறும் உப்புக் கரைசல். அதைக் கொதிக்க வைத்து, ஆறவிடாமல் பட்டையை நனைத்தேன். எண் தொப்பென்று விழுந்தது. இன்னொன்று, இன்னொன்று என்று வைத்துக்கொண்டே போனேன். எல்லாமே விழுந்தன. சூட்டில் இழைகள் தங்கத்தை விட்டுக் கழன்று போகின்றன. இழை போனால் சாயம் போகும், சாயம் போனால் எண் விழும். அலசிப் பார்த்தால் எண் ஏறவில்லை. மூன்று சாட்சி என்று சொன்னாயே, மூன்றையும் நீயே வேக வைத்துக் கொன்றுவிட்டு, பிணம் தலையாட்டிற்று என்கிறாய்.

இதில் என் கை சுத்தம் என்று நான் சொல்லவில்லை. நோயைக் கண்டாலும் எண் விழும், பட்டை செத்தாலும் எண் விழும் என்று ஒரு கருவியைச் செய்து, அதை உலகத்திலேயே பொறுமையில்லாத ஆளுக்கு அனுப்பியவள் நான். இனி ஒவ்வொரு பட்டையிலும் இரண்டாவது தங்கப் பொட்டு ஒன்று வைக்கப்போகிறோம், பட்டை உயிரோடு இருக்கிறதா என்று அது சொல்லும். அதனால் நெட்டை அண்ணனுக்கு என்ன பிரயோசனம்?

அடுத்ததையும் கேள். நீ பவுடர் கொட்டியதற்கு முந்தின நாள் அண்ணி வீட்டுக்கென்று கொஞ்சம் இறால் பிடித்து ஃப்ரீசரில் போட்டிருக்கிறாள். அதைக் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று சொல்லித்தான் வாங்கினேன். ஆற வைத்து, அலசி, முறைப்படி பார்த்தேன். ஆய்வகத்தின் பெரிய இயந்திரத்திலும் கொடுத்துப் பார்த்தேன். ஒரு துளி நோய் இல்லை. உன் வீட்டுக்காரி ஐஸில் வைத்துக் கொண்டுவந்த உன் குட்டை இறாலையும் பார்த்தேன். அதில் எண் விழுந்தது, அலசினதும் ஏறியது. நிறைய இருக்கிறது. மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவிட்டாயே இறால் குஞ்சு, அதிலேயே வந்திருக்க வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் அவனிடமிருந்து உன்னிடம்தான் வரும். உன் நோய் மேலே ஏறிப் போகவில்லை, அதுவரைக்கும் அவனுக்கு அதிர்ஷ்டம் இருந்தது.

மீதி இறால் அண்ணியின் ஃப்ரீசரிலேயே இருக்கிறது. நீதிமன்ற ஆள் வந்து சீல் வைத்து எடுத்துப் போவார். கோர்ட்டில் கேட்டால் நான் உள்ளதைச் சொல்வேன். உனக்குக் கூடுதலாகச் சில வருஷம் கிடைக்கும் என்று உன் வக்கீல் போன் செய்து சொன்னார். தெரிந்துதான் சொல்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 3

உனக்கு,

அக்கா என்று எழுதக் கூசுகிறது.

நான் உள்ளே கிடந்து சாக வேண்டும், நெட்டையன் நல்லவன் என்று ஊர் சொல்ல வேண்டும், அதுதானே உனக்கு? சோறு போட்டவன் நான். நீ படிக்கும்போது அப்பா படுத்த படுக்கை. குட்டையில் சேற்றில் நின்று உனக்கு ஹாஸ்டலுக்குப் பணம் அனுப்பியது நெட்டையன் இல்லை. வளர்த்த கடா மார்பில் பாய்கிறது.

உன் தங்கப் பொட்டை உன் தலையில் வைத்துக்கொள். எனக்குத் தெரியும், அவன் குட்டையில் நோய் இருந்தது. இருந்தே ஆக வேண்டும். இல்லை என்றால் நான் யார், சொல்? இல்லை என்றால் நான் எதற்காக அடித்தேன்? அதை நினைத்தால் இந்தச் சுவரில் தலையை மோதிக்கொள்ளத் தோன்றுகிறது. நேற்று மோதினேன். நாலு தையல்.

ஃப்ரீசர் என்றால் நின்று போகும். கரண்ட் போகும். ஐஸ் உருகும். ஐஸைப் பற்றித் தெரிந்தவர்கள் எனக்கும் இருக்கிறார்கள்.

நீ உன் ஊரிலேயே இரு. அந்த வீட்டுப் பக்கம் இப்போது போகாதே. இவ்வளவுதான் சொல்ல முடியும். கூடப்பிறந்ததற்காகச் சொல்கிறேன்.


ஏப்ரல் 19

தம்பி,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலை முழுக்க ஆகிறது.

உன் கடிதம் வந்தபோது நான் ஊரில் இல்லை, அண்ணி வீட்டில் இருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து கதவைத் திறந்தபோதுதான் காலில் தட்டுப்பட்டது. போகாதே என்று எழுதியிருந்தாய். போய்விட்டு வந்து படித்தேன்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். அண்ணி நெட்டை அண்ணனுக்குச் சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தாள். ஜாமீனில் வெளியே இருந்த ஐஸ்காரன் கடப்பாரையோடு உள்ளே வந்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்தான், அதை ஏனோ மறக்க முடியவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனான். நான் ஃப்ரீசர் மூடி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, தள்ளிக்கங்க. எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்ல"ன்னான்.

"யாரு அனுப்பிச்சா?"ன்னு கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதா?"ன்னான். அப்புறம் அடித்தான்.

முதல் அடியில் மூடியும் என் விரல்களும் சேர்ந்து நொறுங்கின. இரண்டாவது அடி மணிக்கட்டில். அண்ணி பின்னாலிருந்து அவன் முதுகில் குக்கரை வீசினாள். அவன் திரும்பி அவளை ஒரு தள்ளு தள்ளினான், கூடத்துச் சுவரில் போய் மோதினாள். காலண்டர் விழுந்தது, நீ செய்த பள்ளம் தெரிந்தது. நெட்டை அண்ணன் ஒற்றைக் கையால் அவன் கழுத்தைப் பிடித்தான். பிடித்த பிடியை விடவேயில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துதான் பிரித்தார்கள். ஐஸ்காரன் நாக்கு வெளியே வந்துவிட்டது. செத்திருந்தால் அண்ணன் உன் பக்கத்து அறைக்கு வந்திருப்பான். தரையெல்லாம் இறாலும் ரத்தமும் ஐஸும்.

நீதிமன்ற ஆள் அன்று காலையிலேயே வந்து சீல் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார், தம்பி. ஃப்ரீசரில் இருந்தது அண்ணி குழம்புக்கு வைத்திருந்தது. அதை அவனிடம் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு மூன்று விரல் இனி மடங்காது. பட்டைக்குத் தங்கம் மெருகேற்றுவது, இழை நடுவது எல்லாம் அந்தக் கைதான் செய்தது. இனி வேறு யாராவது செய்வார்கள், நான் பக்கத்தில் நின்று சொல்வேன்.

கையை ஏன் எடுக்கவில்லை என்று நெட்டை அண்ணனிடம் கேட்கச் சொன்னாய். கேட்க வேண்டியதில்லை. எடுக்கத் தோன்றாது. அவ்வளவுதான்.

உன் கடிதத்தை நான் யாரிடமும் காட்டவில்லை. காட்ட மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அக்கா


ஜூன் 6

அக்காவுக்கு,

நேற்று கோர்ட்டில் நீ என்னைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அதனால் அங்கே நடந்ததை என் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

நெட்டையண்ணனை முதலில் கூப்பிட்டார்கள். குமாஸ்தா தலை நிமிராமல், தினமும் நூறு பேருக்குச் சொல்கிற பழக்கத்தில், "வலது கையைத் தூக்குங்க"ன்னார். அண்ணன் தூக்கினான். சட்டைக் கை மடங்கித் தொங்கியது. அந்த ஆள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார், "உக்காருங்க, உக்காருங்க"ன்னு என்னவோ உளறினார். அண்ணன் உட்காரவில்லை. குட்டையில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். "இறால் எல்லாம் போச்சுங்க"ன்னு ஆரம்பித்தான். கையைப் பற்றிக் கடைசியில்தான் சொன்னான்.

அடுத்து உன்னைக் கூப்பிட்டார்கள். குமாஸ்தா மறுபடி அதையே சொன்னார். நீ மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கினாய். என் முன்னால் இரண்டு பேர் சாட்சிக் கூண்டில் ஏறினீர்கள், இரண்டு பேருக்கும் அதே கை. இரண்டையும் அடித்தது நான். ஐஸ்காரன் கடப்பாரை பிடித்தான் என்பதெல்லாம் வக்கீல் பேச்சு.

நீ வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தார், கிழிந்தது. "அந்தக் குட்டையில நோய் இல்லைங்க. ஆறவிடாம நான்தான் பட்டையை வச்சேன். வீட்டுக்கு ஆள் அனுப்புனதும் நான்தான். அவங்களை ஒண்ணும் கேக்காதீங்க"ன்னேன். நீதிபதி உட்காரச் சொன்னார், நான் இன்னொரு தடவை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். நீ பேசியிருந்தால் தம்பியைக் காட்டிக் கொடுத்தவள் என்று ஊர் பேசியிருக்கும். அது வேண்டாம் என்று தோன்றியது. நல்லதென்று நினைத்துச் செய்யவில்லை, பொறுக்க முடியவில்லை, எழுந்துவிட்டேன். என் அவசரம் உனக்கு ஒரே ஒரு தடவையாவது உதவியிருக்கட்டும்.

எத்தனை வருஷம் என்று அடுத்த வாரம் சொல்வார்கள். இந்த இடத்தில் நான் யாரையும் அடிப்பதில்லை. அடிக்கத் தோன்றாமல் இல்லை. தோன்றும்போது இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறேன். பக்கத்துப் படுக்கைக்காரன், அந்தப் பல் போனவன், என்னை முட்டை அடைகாக்கிற கோழி என்கிறான்.

ஒன்று கேட்கட்டுமா? நான் வெளியே வருகிற நாளில் நீ வாசலில் நிற்பாயா?

தம்பி


ஜூன் 15

தம்பி,

தீர்ப்பு தெரியும். வக்கீல் சொன்னார்.

நீ எழுந்து சொன்னது வழக்குக்குப் போதும். எனக்கு அது போதவில்லை. ஆனால் சொன்னாய், அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அண்ணி குட்டையைக் காயவைத்து மறுபடி குஞ்சு விட்டிருக்கிறாள். நெட்டை அண்ணன் இடது கையால் தீனி வீசப் பழகுகிறான். பாதி கரையிலேயே விழுகிறது, காக்கைக்கு நல்ல வேட்டை. லீவில் போனபோது நானும் எதிர்க்கரையில் நின்று வீசினேன். எனக்கும் இடது கைதான். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வீசினோம்.

வெளியே வரும் தேதி தெரிந்தால் முன்கூட்டியே எழுது. அண்ணி கதவுக்கு உள்பக்கம் இன்னொரு தாழ்ப்பாள் போட வேண்டும் என்கிறாள், அதற்கு ஆசாரியைச் சொல்லி வைக்க வேண்டும். மறைக்காமல் உன்னிடம் சொல்கிறேன், உனக்காகத்தான் அந்தத் தாழ்ப்பாள்.

வாசலில் நிற்பேனா என்று கேட்டாய். நிற்பேன் என்று எழுத இந்தக் கைக்கு வரவில்லை. நிற்க மாட்டேன் என்று இரண்டு தடவை எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன்.

அக்கா